எரிந்த வண்டி நம்முடையது

செல்வராசு,

உன் அண்ணன் வெந்து செத்த பட்டாள வண்டியின் மீது என்னை மண் வாரித் தூற்ற வைத்தவன் நீ. தெரியாமல் செய்தாய் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிப் பார்த்தேன். இல்லை, தெரிந்துதான் செய்தாய். மூன்றாம் நாள் அதே வண்டிக்கு முன்னால் நின்று நான் உண்மையைச் சொன்னபோது, மைக்கைப் பிடித்து, "எங்க அம்மாவுக்கு மனசு சரியில்ல" என்று திண்டிவனம் முழுக்கக் கேட்கும்படி சொன்னவனும் நீதான். அண்ணன் செத்தது அதே வண்டியில் இல்லை, அதே ரக வண்டியில் என்று நீ திருத்துவாய். திருத்திக்கொள். பெற்றவளுக்கு அதில் வித்தியாசம் இல்லை.

உன் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. பெற்ற தாய்க்குத் தபாலில் பத்திரிகை அனுப்புகிற பிள்ளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அதில் என் பெயருக்கு முன்னால் 'வீரத் தாய்' என்று போட்டிருக்கிறாய். உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இது மூன்றாவது. இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை, அச்சுக்கும் கொடுத்திருக்கிறேன். மைக்கில் சொன்ன பொய்யை உறைக்குள் ஒட்டிய கடிதத்தால் திருப்பி எடுக்க முடியாது. நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: சொன்னது பொய் என்று, சொன்ன மாதிரியே, நாலு பேர் கேட்க நீ சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் உன் கல்யாணத்தில் நான் இருப்பேன். சொல்லாவிட்டால் உன் பத்திரிகையில் மட்டும் இருப்பேன். உனக்குத் தெரிந்த கதையையே எழுதுகிறேனே என்று சலித்துக்கொள்ளாதே. உன் பந்தலில் உட்காரப் போகிறவர்களுக்கு இது தெரியாது.

கிளியனூர் ஆரம்பப் பள்ளியில் இருபது வருஷமாக மூன்றாம் வகுப்பு நடத்துகிறவள் நான். உன் அப்பா போனபோது ஏழுமலைக்குப் பதினொன்று, உனக்கு ஏழு. நீ நோஞ்சான். பனி விழுந்தால் உனக்கு இழுப்பு வரும். அதனால் உன்னை நான் கையில் வைத்துத் தாங்கினேன், அவனைத் தரையில் விட்டேன். மூன்று வருஷம் கழித்து ஒரு மாசியில் நம் கொல்லி நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரரின் வைக்கோல் போர் எரிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மல்லாட்டைக் கடலை சுட்டுத் தின்ன நீ மூட்டிய நெருப்பு அது. ஊரே கூடி நின்று யார் வைத்தது என்று கேட்டபோது ஏழுமலை முன்னால் போய், "நான்தாங்க" என்றான். புளிய விளாரால் அவன் முதுகில் விழுந்தது. நீ என் முந்தானைக்குள் நின்றாய். உன் சட்டையில் வைக்கோல் புகை வாசம் அடித்தது. எனக்குத் தெரியும், செல்வராசு. தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு அடி உன் மேல் விழுந்தால் நீ செத்துப் போவாய் என்று பயம். அன்று ராத்திரி அவன் முதுகுக்கு எண்ணெய் தடவும்போதுகூட நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "உன்ன யாருடா ஒத்துக்கச் சொன்னது?" என்று அவனையே திட்டினேன். தெரிந்தும் சும்மா நிற்கலாம், வேறு ஒருவன் முதுகு அதைத் தாங்கிக்கொள்ளும் என்பதை நீ என்னிடம்தான் கற்றாய். இந்தக் கடிதத்தில் உன் மேல் எத்தனை கோபம் இருக்கிறதோ, அதில் பாதி என் மேல்.

மழை பொய்த்த வருஷம் விழுப்புரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். கொல்லியில் கேப்பைகூடத் தலை எடுக்கவில்லை. நீ எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாய். "நான் போயிட்டா தம்பி படிப்பான்மா" என்று ஏழுமலை சொன்னான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானே பஸ் ஏற்றி விட்டேன். அவன் நெஞ்சை அளந்து, பல்லைப் பார்த்து, மாட்டுச் சந்தையில் பார்ப்பது போலப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். சோறு இல்லாத ஊரில்தான் வீரர்கள் அதிகம் பிறப்பார்கள் போலிருக்கிறது. மில் வைத்திருப்பவர்கள் வீட்டில் ஒருவனும் பிறந்ததாக எனக்குத் தெரியவில்லை. உன் காலேஜ் படிப்பு, நீ முதன்முதலாக மேடையேறிப் பேசியபோது போட்ட டெர்லின் சட்டை, எல்லாம் அவன் அனுப்பியதில் வந்தது.

கடைசியாக லீவில் வந்தபோது கேப்பைக் களியைத் தின்றுகொண்டே அவன் டாங்கியைப் பற்றிச் சொன்னான். நீயும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அவன் டிரைவர். தண்ணீர்க் குடத்தை நகர்த்தி வைத்து, "இது எதிராளி வண்டிம்மா. பேட்டன்னு பேரு. புதுசு, பெருசு," என்றான். சொம்பை எதிரில் வைத்து, "இது நம்மளுது. பழைய காலத்து வண்டி. வெள்ளைக்காரன் சண்டையில ஓடனது. இதுக்குள்ளதான் உன் புள்ள உக்காந்துக்கினு இருக்கான். வெயில் நேரத்துல இட்லிக் குண்டான் மாதிரி வேவும்," என்றான்.

"குடம் சொம்பை நசுக்கிடாதாடா?" என்று கேட்டேன்.

"சொம்பு ஜல்தியா ஓடிடும்மா. குடம் திரும்பறதுக்குள்ள சுத்திக்கினு போயி முதுவுல போடுவோம்."

"முதுவுல அடி வாங்கறதுதான் உனக்குப் பழக்கம்" என்றாய் நீ. மூன்று பேரும் சிரித்தோம்.

எல்லையில் சண்டை வந்தது. தந்தி வந்தது. பிறகு ஒரு கடிதம்: வண்டி தீப்பிடித்தது, டிரைவர் வெளியே வர முடியவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. அதில் இரண்டு சட்டை, ஒரு ஜோடி பூட்ஸ், ஷேவிங் பிரஷ். பிள்ளை வரவில்லை. புதைக்க ஒன்றும் இல்லை. ஒரு தாய் தன் கையால் கடைசியாகப் போடும் ஒரு பிடி மண்ணைப் போட எனக்குக் குழி இல்லை.

நாலு மாதம் கழித்து விழுப்புரத்துக்கு அவன் சொன்ன அந்த இரண்டு ரகத்திலும் ஒவ்வொரு டாங்கி ரயிலில் வந்தது. ஒன்று எதிரியிடமிருந்து பிடித்து வந்தது, ஒன்று நம்முடையது. ஜனங்கள் பார்க்கட்டும் என்று ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பலகை தொங்கியது. மேலே இந்தி, கீழே இங்கிலீஷ். தமிழ் கிடையாது. தமிழ்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொளுத்தத் தெரிந்தவர்களுக்குத் தமிழில் ஒரு வரி எழுத வக்கில்லை. நீயும் உன் இந்தி எதிர்ப்புக் கூட்டமும் காலையிலேயே போய் அந்தப் பலகைகளில் தாரைப் பூசினீர்கள். இந்திக்குப் பூசிய தார் வழிந்து இங்கிலீஷையும் மூடிவிட்டது. அதற்காக நான் உன்னைத் திட்டவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் தார் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். வரவேற்புக் கமிட்டித் தலைவர் ரைஸ் மில்காரர், இன்றைக்கு உன் மாமனார் ஆகப் போகிறவர், சினிமா போர்டு எழுதுகிற ஆளை வைத்துத் தமிழில் இரண்டு பலகை எழுதிக் கொடுத்தார். 'நமது வெற்றி டாங்கி'. 'பகைவனின் டாங்கி'. மாட்டியவன் நீ.

ஒன்று பெரியது. பச்சைப் பெயிண்ட் பளபளக்க, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. மற்றது சின்னது. கருகி, பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டையோடு நின்றது. நீ பெரியதில் 'நமது' என்று மாட்டினாய். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜெயித்தவன் வண்டி அழகாக இருக்கும், தோற்றவன் வண்டிதான் கருகியிருக்கும் என்று நம் ஊர் நினைத்தது. நம் பிள்ளைகள் எதற்குள் உட்கார்ந்து ஜெயித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? பலகை மாறியதற்கு உன்னை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மதியம் ஒரு மணி வரைக்கும் அது தவறு. ஒரு மணிக்குப் பிறகு அது பொய். அந்த ஒரு மணிக்கு நான் பிறகு வருகிறேன்.

இரண்டரை மணிக்கு மில்காரர் காரில் கிளியனூருக்கு வந்தாய். வந்ததும் நம் கொல்லிக்குப் போய், ஒரு துண்டில் செம்மண்ணை அள்ளி முடிந்துகொண்டு வந்தாய். "அம்மா, நீ வந்து மண்ணு வாரித் தூத்தணும்மா. ஜனங்க உன்னப் பாக்கணும்னு உக்காந்துக்கினு இருக்காங்க. பத்திரிக்கைக்காரங்களும் வர்றாங்க" என்றாய். மண் வாரித் தூற்றுவது விளையாட்டில்லை. வயிறு எரிந்தவள் தலையை அவிழ்த்துப் போட்டு மூன்று பிடி மண்ணை வீசிச் சபித்தால் அந்தக் குடும்பம் தழைக்காது என்று ஊர் நம்புகிறது. நிலத்தைப் பறித்தவன் வாசலில், பெண்ணைக் கெடுத்தவன் வாசலில் செய்வது. கோர்ட்டுக்குப் போக முடியாத ஏழைப் பெண்களின் கோர்ட்டு அது. நான் டீச்சர், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யாரையாவது சபிக்க வேண்டும் என்று நாலு மாதமாக என் கை அரித்துக்கொண்டிருந்தது.

கிளியனூரிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து விக்கிரவாண்டி, பிறகு விழுப்புரம். அத்தனை தூரமும் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். மண் முடிச்சு உன் மடியில் இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்று நினைத்து நான் உன் முதுகைத் தடவினேன்.

மைதானத்தில் தேர்த் திருவிழாக் கூட்டம். பெரிய டாங்கிக்கு மாலை, சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். தேங்காய் உடைத்து உடைத்துச் சக்கரத்தடியில் சேறாகியிருந்தது. "ஏன் மாமா, இதுல மல்லாட்டை ஏத்துனா எத்தினி மூட்டை புடிக்கும்?" என்று ஒருவன் கேட்டான். "அது புடிக்கும். மார்க்கெட்டுல இத்த உள்ள வுடுவானா?" என்றான் இன்னொருவன். "வுடாட்டி சுட்டுடு, பீரங்கி சும்மாவா வச்சிக்கீறான்!" எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் தன் மகளைக் கருகிய வண்டியின் பக்கம் தள்ளி, "த்தூன்னு துப்புடி. நம்ம ஆளுங்கள சாவடிச்சது இதுதான்" என்றாள்.

நீ மைக்கில் என்னைக் கூப்பிட்டாய். 'வீரத் தாய்' என்றாய். கை தட்டினார்கள். மாலை போட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. பதினெட்டு வருஷம் சுண்ணாம்புத் தூளைத் தின்றவளுக்கு முதல் தடவையாக ஒரு கூட்டம் எழுந்து நின்றது. அந்த மாலையின் கனத்தில் குடமும் சொம்பும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவன் அத்தனை தெளிவாகச் சொல்லிக் கொடுத்தும் வரவில்லை. அது என் குற்றம். யார் மேலும் நான் அதைப் போட மாட்டேன்.

நீ முடிச்சை அவிழ்த்து என் கையில் மண்ணை வைத்தாய். "நம்ம கொல்லி மண்ணும்மா" என்றாய். தலையை அவிழ்த்துப் போட்டு, கருகிய வண்டியின் மீது மூன்று பிடி வீசினேன். "என் வயிறு எரிஞ்ச மாதிரி உன்ன ஓட்டுனவனப் பெத்தவ வயிறு எரியணும்! அவ புள்ள முகத்தைப் பாக்காமலே சாவணும்!" என்று கத்தினேன். கூட்டம் ஆரவாரித்தது. அதை ஓட்டியவன் என் பிள்ளை. அவனைப் பெற்றவள் நான். என் சாபம் எனக்கே முன்கூட்டிப் பலித்திருந்தது. வண்டி சரியாகவே இருந்திருந்தாலும் அந்தச் சாபம் தப்புதான் என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பக்கத்துத் தாய்க்கும் யாரோ ஒரு டிரங்குப் பெட்டியைத்தான் அனுப்பியிருப்பார்கள். நீ இதை மேடையில் சொன்னால் கை தட்ட மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் எடுக்கக் குனிந்தபோது குடமும் பக்கத்தில் சொம்பும் கண்ணில் பட்டன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் வண்டிகள் திண்டிவனத்துக்குப் போயிருந்தன. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

மைதானத்தில் இன்னும் கூட்டம் சேரவில்லை. காவலுக்கு வந்த ஹவில்தார், ஆற்காட்டுப் பக்கத்துக்காரர், வாளியும் துணியுமாகக் கருகிய வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சாணி, எச்சில், பிய்ந்த செருப்பு. பலகைகள் நீ மாட்டிய மாதிரியே தொங்கின.

"ஐயா, இதுல எது நம்மளுது?"

"போர்டு இருக்குதே, படிக்கத் தெரியாதாம்மா?"

"தெரியும். டீச்சர் வேலை பாக்கறேன். போர்டு மாட்டுனவனையும் தெரியும். அத்தொட்டுதான் உங்களக் கேக்கறேன்."

அவர் துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டார். "பொத்தல் வுழுந்திருக்குதே, இதான்மா நம்மளுது. உள்ள இருந்த பசங்க கடைசி வரைக்கும் எறங்கல. அந்தப் பெருசு அவன் வுட்டுட்டு ஓடுனது. சேத்துல மாட்டிக்கினு நின்னுச்சு, அத்தோட சரி. கீறலே இல்ல. நாங்கதான் பெயிண்ட் அடிச்சோம். ஆபீசர் எழுதியிருந்த போர்டுல, இந்த வண்டிக்கு முன்னால நின்னு வணக்கம் செலுத்துங்கன்னுதான் போட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏன்யா யாருகிட்டயும் சொல்லல?"

"ஏன் சொல்லல? விழுப்புரத்துல மைக்கு புடிச்சிக்கினு இருந்தாரே ஒரு தம்பி, சுருட்டை முடி, அவருகிட்ட அன்னிக்கே சொன்னேன். 'போர்டு மாறிப் போச்சு, ஜல்தியா மாத்திடு'ன்னேன். 'இப்ப மாத்துனா பேஜாரு அண்ணே, பெரிய மனுஷங்கல்லாம் பூஜை போட்டுட்டாங்க, அப்புறம் பாத்துக்கலாம்'னுட்டாரு."

"எப்ப சொன்னீங்க?"

"ஒரு மணி இருக்கும். எனக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் குடுக்க வந்தாரே, அப்ப."

ஒரு மணி, செல்வராசு. நீ கிளியனூருக்கு வந்தது இரண்டரைக்கு. மண் அள்ளியது அதற்குப் பிறகு. என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது அதற்குப் பிறகு. "நம்ம கொல்லி மண்ணும்மா" என்றது அதற்கும் பிறகு.

அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. "கையில துப்பாக்கிய வச்சிக்கினு மூணு நாளா இத்த வேடிக்கை பாத்தீங்களா?" என்றேன். "அதுல தோட்டா இல்லம்மா" என்றார். "ஆபீசரு மெட்ராஸ் போயிட்டாரு. உங்க ஊரு தலைவருங்க மைக்க நான் புடுங்க முடியுமா? ராத்திரிக்குக் கழுவி வைக்கறேன், அவ்ளோதான் என்னால ஆவும்." என் பிள்ளை இந்த ரக வண்டியில் டிரைவர் என்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு என்னை ஏற்றி விட்டு, முன்னால் இருந்த மூடியைத் தூக்கிக் காட்டினார். டிரைவர் உட்காரும் இடம் ஒரு முறத்தின் அகலம் இல்லை. ஏழுமலை உயரமானவன். முழங்காலை எங்கே வைத்திருப்பான்? கையை உள்ளே விட்டேன். விரல் நுனியில் கரி ஒட்டியது. மண் போட வேண்டிய இடம் அதுதான். அங்கேதான் மண் வாரித் தூற்றியிருந்தேன்.

பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. நீயும் மில்காரரும் காரில் வந்தீர்கள். மைக் பேச ஆரம்பித்தது. முதல் செருப்பு வந்து விழுந்தபோது நான் வண்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். "இது நம்ம வண்டிங்க! போர்டு மாறிப் போச்சுங்க! இதுல செத்தது நம்ம பசங்க!" என்று கத்தினேன். "இன்னா சொல்லுது இந்தம்மா?" என்றான் ஒருவன். "விழுப்புரத்துல மண்ணு தூத்துன அம்மாதான இது? அன்னிக்கு அவனுதுன்னுச்சு, இன்னிக்கு நம்மளுதுங்குது!" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் உண்மை தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவர் தோட்டா இல்லாத துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மூன்றாமவன் கையில் மைக் இருந்தது.

"அன்பு கூர்ந்து பொறுத்துக்கணும். அவங்க எங்க அம்மா. அண்ணன் போனதுலேர்ந்து எங்க அம்மாவுக்கு மனசு சரியில்ல. யாரும் தப்பா நெனைச்சிக்காதீங்க."

உன் குரல் நடுங்கியது. அதைப் பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் கணத்திலிருந்து ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். பரிதாபப்பட்டார்கள். இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்து நிழலுக்குக் கொண்டு போனார்கள். கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். நாக்கு வறண்டிருந்ததால் குடித்தேன். "குடிச்சிட்டாங்க, தெளிஞ்சிடும், பாவம்" என்றாள் ஒருத்தி. என் முதுகுக்குப் பின்னால் செருப்புகள் இரும்பில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுவாரம் ஹெட்மாஸ்டர், "ஒரு மாசம் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க டீச்சரம்மா" என்றார். திரும்பி வந்த அன்று முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "டீச்சர், உங்களுக்குத் தெளிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை, வீட்டில் கேட்டதைக் கேட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது. நான் கோபப்பட்டால் பழையபடி வந்துவிட்டது என்கிறார்கள். சிரித்தால் இன்னும் பயப்படுகிறார்கள். ரேஷன் கடையில் அளவு குறைகிறது என்று சொன்னேன். கடைக்காரன் என்னிடம் பேசவில்லை, பின்னால் நின்றவரைப் பார்த்துத் தலையில் விரலைச் சுழற்றிக் காட்டினான். இப்போது நான் சொல்லும் எதையும் யாரும் மறுப்பதில்லை. மறுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டாய்.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. கோழை. ஒரு மணிக்குச் சின்னதாக ஒரு வெட்கம் இருந்தது. மில்காரர் முன்னால், மாலை போட்ட பெரிய மனுஷர்கள் முன்னால், "ஐயா, பலகையை நான் மாற்றி மாட்டிவிட்டேன்" என்று சொல்லும் வெட்கம். அதைத் தாங்க முடியாமல் அண்ணன் மேல் மண்ணை விழ விட்டாய். அதையும் மறைக்க என்னைப் பைத்தியம் ஆக்கினாய். மேடைக்கு மேடை ஏறி இப்போது நீயும் தலைவர்களோடு உட்காருகிறாய். அந்த நாற்காலிக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும். சொல்கிறேன். உன் கையால் தப்பு நடந்தால் அன்றைக்கே, அந்த மணிக்கே சொல்லிவிடு. பூஜை ஆகிவிட்டது, மாலை விழுந்துவிட்டது என்று காத்திருக்காதே. வீட்டில் உன் பெண்டாட்டி ஒரு நாள் உனக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்வாள். எந்தப் பெண்டாட்டியும் சொல்வாள். அன்றைக்கு உன் வாயில் ஒரு வாக்கியம் தயாராக நிற்கும். அது ஒரு தரம் வேலை செய்த வாக்கியம். வேலை செய்த கருவியை மனிதன் மறுபடி எடுப்பான். மில்காரர் வீட்டுப் பெண்ணே, இது உன் கண்ணில் பட்டால் நான் உன்னிடமும் சொல்கிறேன்: உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் உன் புருஷன் உன்னைப் பற்றி நாலு பேரிடம், "அவளுக்கு மனசு சரியில்ல" என்று இரக்கமாகச் சொன்னால், முதலில் அவன் எதை மறைக்கிறான் என்று பார். சோடா கொடுத்தால் குடிக்காதே.

அந்த வண்டிகள் இப்போது எந்த ஊரில் நிற்கின்றனவோ தெரியாது. எங்கோ ஒரு மியூசியத்தில் நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். அங்கே பலகை சரியாகத்தான் இருக்கும். அதனால் எனக்கு என்ன? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் செருப்பு வீசியவர்கள் அங்கே டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கப் போவதில்லை. அவர்களுக்கு ஏழுமலையின் வண்டி இன்றைக்கும் பகைவனின் வண்டிதான். ஏழுமலையின் அம்மா இன்றைக்கும் பைத்தியம்தான்.

உன் கல்யாணப் பந்தலில் மைக் இருக்கும். மில்காரர் கல்யாணத்தில் இல்லாமல் போகுமா? இரண்டு ஊர் ஜனமும் உட்கார்ந்திருக்கும். தாலி கட்டுவதற்கு முன்னால் அந்த மைக்கை வாங்கு. பேச்சு வேண்டாம், அடுக்குமொழி வேண்டாம், என்னை வீரத் தாய் என்று கூப்பிட வேண்டாம். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன், அழ மாட்டேன், உன்னைத் திட்டவும் மாட்டேன். மூன்றாம் வகுப்பில் இருபது வருஷமாகக் கேட்ட மாதிரி ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, சத்தமாகச் சொல்: அந்த இரண்டு வண்டியில் நம்முடையது எது?